வாடை போக்கும் ஸ்பிரே என்று மூடிய பாட்டிலில் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மக்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். "மனித வாடை போக்கும் ஸ்பிரே, வீட்டுத் தயாரிப்பு" என்று அரை லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் ஒன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக விற்பனையாகிறது. விலை 650 ரூபாய். இறுக மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடியது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, பாட்டிலை வெயில் படாத வெளியிடத்தில் வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடிமேல் ஈரத்துணியைப் போர்த்தி, முகத்தைத் திருப்பி வைத்து, மெல்லத் திருகிக் காற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகு அந்த மூடியை இறுக்கவே இறுக்காதீர்கள்.

தை, மாசியில் நானும் நண்பர்களும் தனுஷ்கோடிப் பக்கம் பறவைகளைப் படமெடுக்கப் போவது வழக்கம். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கும் காலம் அது. உள்ளான், ஆலா, கடற்காகம் எல்லாம் உண்டு. கொடுப்பினை இருந்தால் நண்டுதின்னியும் கண்ணில் படும். அப்படிப் போகிறவர்கள் இருக்கும் குழுவில்தான் இந்த விற்பனையாளர் வந்து சேர்ந்தார். நம் மாவட்டத்துக்காரர்தான். பேச்சு ரொம்ப மரியாதையாக இருந்தது. "அண்ணே, அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் போறவன் பூரா இதைத்தான் சட்டையில அடிச்சுக்கிட்டுப் போறான். நம்ம வேர்வை வாடை அடிச்சாலே பறவை எந்திரிச்சுரும். இதை அடிச்சுட்டுப் போங்க, பத்தடி வரைக்கும் நெருங்கலாம்" என்றார். ஆளுக்கொன்று வாங்கினோம்.

அவர் சொன்னதில் மான் கதை பாதி உண்மை. மானுக்கு மோப்பம் மிகக் கூர்மை. காற்று நம் பக்கமிருந்து அடித்தால் வெகு தூரத்திலேயே தெரிந்துகொள்ளும். அதனால் அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் வாடையைக் குறைக்க என்னென்னவோ செய்வார்கள். ஆனால் பூநாரையும் உள்ளானும் மான் இல்லை. பறவைகளிலும் மோப்பத்தை நம்பி இரை தேடுபவை உண்டு. நியூசிலாந்தின் கிவியும் சில வகைப் பிணந்தின்னிக் கழுகுகளும் அப்படி. நம் கடற்கரையில் மேயும் கூட்டம் மிரளுவது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். நிமிர்ந்து நடப்பது, கை வீசுவது, கார்க் கதவைப் படாரென்று சாத்துவது, இவைதான் அவற்றை எழுப்பும். குனிந்து, நின்று நின்று, நேராகப் போகாமல் சாய்ந்து நடந்தால் பறவை பொறுத்துக்கொள்ளும். தலை தூக்கிப் பார்க்க ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

பணம் போனதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அன்று என் அக்கா மகனும் கூட வந்திருந்தான். காரைச் சாலையோரம் மணலில் நிறுத்திவிட்டுப் போய், உச்சிவெயிலில் திரும்பினோம். கேமரா பையை எடுக்கப் பின்கதவைத் திறந்தவன், "மாமா, இது என்ன இப்படி இருக்கு?" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். பாட்டிலின் அடிப்பாகம் வெளியே தள்ளி உருண்டு போயிருந்தது. கீழே வைத்தால் நிற்காது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிள், அச்செழுத்தோடு சேர்ந்து விறைத்து, ஓரங்களில் பிய்ந்துகொண்டிருந்தது. மூடி ஓரத்திலிருந்து சன்னமாக "உஸ்" என்று ஒரு சத்தம். கீழே வைடா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பிரே தலை கழன்று கார்க் கூரையில் போய் அடித்தது. வெள்ளை நுரை அவன் முகத்திலும் கழுத்திலும் பட்டது. ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் அத்தனையையும் கண்ணில் ஊற்றினோம். போதவில்லை, பக்கத்துக் கடைக்காரம்மா ஒரு குடம் கொடுத்தார். அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். கண்ணில் ரசாயனம் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் டாக்டரிடம் போக வேண்டும். ராமேஸ்வரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார். நாங்கள் தப்பித்தோம். நுரை பட்ட அவன் விரல் நுனிகள் வெளுத்து ஊசி குத்துவது மாதிரி வலித்தன. நீலச் சட்டையில் பட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்தில் திட்டுத் திட்டாகச் சாயம் போய்விட்டது.

பாட்டிலில் என்ன இருந்தது என்று பிறகு விற்ற ஆளே சொன்னார். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்பசோடா, வாசனையில்லாத ஷாம்பு, தண்ணீர். அமெரிக்க வேட்டைக்காரர்கள் வீட்டில் கலக்கும் குறிப்பும் இதுதான்: 3 சதவீதப் பெராக்சைடு ஒரு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பங்கு, கொஞ்சம் சோடா, கொஞ்சம் சோப்பு. பெராக்சைடு வாடை தரும் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து மாற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சோடாவின் காரத்தன்மை சேர்ந்ததும் பெராக்சைடு நிலைத்து நிற்காது. தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டே இருக்கும். வெயிலும் சூடும் அதை விரட்டும். தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் இன்னும் வேகம் பிடிக்கும். அந்த ஊர்க் குறிப்பிலேயே மூடியை இறுக்காமல் தளர்வாக வைக்கச் சொல்லித்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் இவர் விட்டுவிட்டார்.

கணக்கு எளிது. 3 சதவீதப் பெராக்சைடுக்கு 10 வால்யூம் என்று பெயர். முழுதும் பிரிந்தால் தன்னைப் போல் பத்து மடங்கு ஆக்சிஜனை விடும். அரை லிட்டர் பாட்டிலில் கால் லிட்டர் பெராக்சைடு இருந்தால் இரண்டரை லிட்டர் வாயு. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 6 சதவீதம், அதாவது 20 வால்யூம். அதே கால் லிட்டர் அளவுக்கு அதை ஊற்றியிருந்தால் ஐந்து லிட்டர். கழுத்து வரை நிரப்பி இறுக மூடிய பாட்டிலில் இவ்வளவு வாயு எங்கே போகும்?

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு விலங்கு உண்டு, மிரண்டால் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும். அந்த நாற்றத்தைப் போக்க பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1993-ல் ஒரு கலவையை வெளியிட்டார். அதுவும் இதே பெராக்சைடு, சோடா, சோப்புதான். கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும், மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும் என்பதால் அதைக் கடைச் சரக்காக விற்க வழியே இல்லை. முப்பது வருஷமாகத் தெரிந்த சங்கதியை நம் ஊரில் லேபிள் ஒட்டி விற்கிறார்கள். மூடியில் ஓட்டை போட்டு விற்றாலும் ஏமாற்றுதான்: வாயு போய்விட்டால் உள்ளே மிஞ்சுவது சோடா கலந்த சோப்புத் தண்ணீர்.

லேபிளையும் சொல்லிவிடுகிறேன். கிளை கிளையாகக் கொம்பு விரித்த, நம் பக்கம் இல்லாத ஒரு மான் படம். "100% இயற்கை" என்று ஒரு வரி. தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், என்ன கலந்திருக்கிறது, எதுவும் கிடையாது.

கேட்டதற்கு, "வெயில்ல வச்சது உங்க தப்புண்ணே, பிரிட்ஜுல வச்சிருக்கணும்" என்றார். பாட்டிலில் எங்கே தம்பி அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னபோது, "சும்மா சோடாத் தண்ணிதானே" என்றார். சிகிச்சைச் செலவைக் கேட்கவில்லை, பாட்டில் காசையும் கேட்கவில்லை. வாங்கிய மற்றவர்களுக்குச் சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அன்று இரவே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். குழுவில் நான் போட்ட படங்களும் நீக்கப்பட்டுவிட்டன.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொன்று மனதை உறுத்துகிறது. கருவேலங்காட்டுப் பக்கம் முயலுக்கும் பன்றிக்கும் போகிற பையன்களுக்கும் இதைக் கொடுக்கிறாராம். உரிமம் வாங்கி, சீசன் பார்த்து வேட்டையாடுவது அந்த நாட்டுச் சட்டம். இங்கே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், சிறைக்குப் போக வேண்டி வரும். வனத்துறையில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இதை எழுதக் காரணம், அதே பாட்டில் மான் படத்தை எடுத்துவிட்டுக் "கருவாட்டு வாடை போக்கி" என்ற புது ஸ்டிக்கரோடு பாம்பன் பக்கம் வந்திருப்பதுதான். மீன் விற்கும் அம்மாக்கள் வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள். தகரக் கூரைக்கு அடியில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது இருக்கப் போகிறது. நினைத்தாலே பதறுகிறது. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் அடங்கும். நம் வீடுகளில் புளித்தண்ணியும் எலுமிச்சையும் போட்டுக் கை கழுவுவது சரியான வைத்தியம். கூடைக்கும் தராசுத் தட்டுக்கும் அதுவே போதும். ஒன்று மட்டும் கவனம்: பிளீச்சிங் பவுடரோடு புளிப்பு எதையும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

வாங்கி ஏமாந்தவர்கள் பாட்டிலைக் காலி செய்வதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். திரவத்தை நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றிவிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. என் மனு தயாராக இருக்கிறது. அதே ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் யாரிடமாவது இருந்தால் படத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கிறேன்.