கடிகாரம் காட்டிய 380 கலோரியைச் சாப்பிடலாமா?

மொரீஷியஸ் தீவின் கியூர்பிப் ஊரில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களில் நானும் என் மனைவியின் தம்பியும் உண்டு. மூடுபனி இறங்கிய நாட்களில் எதிரே வருபவர் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் வணக்கம் சொல்வோம். ஒரு மணி நேரம் நடந்து முடித்ததும் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். 380 கலோரி என்று அது காட்டும். கீழே இறங்கியதும் கடைத்தெருவில் ஒரு ஜோடி தால் பூரி, பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டி. "அத்தான், இது நான் உழைத்துச் சம்பாதித்தது" என்பார். நான் தொடமாட்டேன். இரண்டு பேரும் எடை குறைக்கத்தான் நடக்கிறோம். யார் செய்வது சரி என்ற வழக்கு எங்கள் வீட்டில் பாதி தமிழிலும் பாதி இங்கே பேசும் கிரியோலிலுமாக ஒரு வருடம் நடந்தது.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் எங்கள் சண்டையே தவறான இடத்தில் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. உடற்பயிற்சியில் எரித்ததைத் திரும்பச் சாப்பிடலாமா என்பதற்கு முன்னால், நாள் ஒன்றுக்கு இத்தனை கலோரி என்று வைத்துக்கொண்ட அளவை எந்தக் கணக்கில் போட்டோம் என்று பார்க்க வேண்டும். கணக்கு இரண்டு வகை.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். வயது 46, எடை 82 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். 1990-இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் போட்டால், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிப்பது சுமார் 1,660 கலோரி. முதல் கணக்கில் இதை 1.2-ஆல் பெருக்க வேண்டும். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு உரிய பெருக்கம். 1,990 வருகிறது. எடை குறைய 500-ஐக் கழித்தால் 1,490. இதில் நடைப்பயிற்சி சேரவில்லை. நடந்த நாளில் அந்தச் செலவை மேலே கூட்டிச் சாப்பிடுவதுதான் முறை.

இரண்டாவது கணக்கில் 1.375-ஆல் பெருக்குகிறோம், வாரத்தில் சில நாட்கள் இலேசாக உடற்பயிற்சி செய்பவருக்கான எண் அது. 2,280. அதில் 500 போனால் 1,780. நடை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நடந்தாலும் நடக்காவிட்டாலும் தினமும் அதே 1,780; மேலே எதையும் கூட்டக் கூடாது.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவர்; எடையும் உயரமும் ஏறக்குறைய என்னுடையவைதான். அவர் இரண்டாவது கணக்கின் 1,780-ஐ வைத்துக்கொண்டு, முதல் கணக்கின் சலுகையையும் எடுத்துக்கொண்டார். ஒரே வரவை நோட்டில் இரண்டு முறை எழுதிய கதை. 1,780 கூட்டல் 380, மொத்தம் 2,160 கலோரி உள்ளே போகிறது. வெளியே போவது எவ்வளவு? சுறுசுறுப்பான நடைக்கு, சும்மா இருப்பதைப் போல மூன்றரை மடங்கு செலவு என்பது வழக்கமான மதிப்பீடு. அந்த மூன்றரையில் ஒரு மடங்கு நடக்காமல் இருந்தாலும் செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், 82 கிலோ ஆளுக்கு ஒரு மணி நேர நடை கூடுதலாகத் தருவது சுமார் 205 கலோரிதான். 1,990-உடன் அதைச் சேர்த்தால் 2,195. ஆக, 500 என்று அவர் நினைத்திருந்த பற்றாக்குறை உண்மையில் 35. மூன்று மாதம் எடை அசையாததற்கு அவர் தால் பூரியைத் திட்டினார், வயதைத் திட்டினார், ஒரு முறை தன் அக்காவின் சமையலையும் திட்டினார். கூட்டல் கணக்கின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

கடிகாரத்தின் பேச்சு எவ்வளவு நம்பத்தக்கது? 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் அணியும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரியில்தான் எல்லாம் சறுக்கின: இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இதன் மேல் உடலே செய்யும் சிக்கனம் ஒன்றும் உண்டு. நடந்து களைத்த நாளில் மீதி நேரத்தை நாம் சற்று அசையாமலேயே கழிக்கிறோம், உள்ளுக்குள்ளும் சில செலவுகள் குறைகின்றன. 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்தச் சிக்கனம் சராசரியாக 28 சதவீதம் என்று கண்டார்கள். 205-இலும் கொஞ்சம் கழித்துத்தான் நினைக்க வேண்டும் போலும்.

அதற்காக முதல் கணக்கை நான் ஒதுக்கிவிடவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் மழை. கோடையில் புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டு இறங்கவே முடியாது. இரண்டாவது கணக்கில் இருப்பவன் அந்த நாட்களிலும் நடந்தவனின் சோற்றைச் சாப்பிடுவான். ஒரு வாரம் நடை தவறினால் அளவு மிஞ்சிவிடும். ஒழுங்காகத் தினமும் நடப்பவருக்கே அது பொருந்தும். வாரத்துக்கு வாரம் மாறுபவருக்கு முதல் கணக்குதான் நேர்மையானது, கடிகாரத்தை அப்படியே நம்பாத வரையில்.

எனக்கு ஒட்டாதது "சம்பாதித்தேன்" என்ற மனநிலை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து வெயிலில் கோயிலுக்கு நடந்த என் அப்பா, அந்த நடைக்குக் கூலியாக ஏழு கறிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடக் கேட்டதில்லை. சரி, அது பக்தி, இது தொப்பை. இரண்டையும் குழப்புகிறேன் என்று தம்பி சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் எதையும் திரும்பச் சாப்பிடாமல் இருப்பதே பெருமை என்று நினைத்த எனக்குப் பாடம் என் அண்ணன் மகளிடமிருந்து வந்தது. அவளுக்கு 24 வயது, 54 கிலோ. அரை மாரத்தானுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். "சித்தப்பா, நீங்கள் சாப்பிடுவதில்லை, நானும் சாப்பிடமாட்டேன்" என்று 1,400 கலோரியில் நின்றாள். ஓட்டம் நடையைப் போல இல்லை. கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி கேட்கும். 15 கிலோமீட்டர் ஓடிய நாளில் 810 போய்விட்டது. இதயம், மூளை, எலும்பு, மாதவிடாய் எல்லாவற்றுக்கும் மிச்சம் 590. கொழுப்பு நீங்கலாக அவள் உடல் 42 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு 14 கலோரி. விளையாட்டு மருத்துவத்தில் 30-க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறார்கள். அவளுக்கு மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அண்ணி பயந்து டாக்டரிடம் அழைத்துப்போனார். எலும்பில் விரிசல் விழும்வரை போகாததற்கு அண்ணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நீண்ட தூரம் ஓடுபவர், 812 மீட்டர் லெ பூஸ் மலையில் ஏறி இறங்கி அரை நாள் கழிப்பவர், இவர்களெல்லாம் திரும்பச் சாப்பிடத்தான் வேண்டும், அதுவும் பெரும்பகுதியை.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுபவரும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவரும் நடந்த பிறகு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். என் அம்மாவின் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கும். அவர் கேட்க வேண்டியது டாக்டரை. என்னையும் தம்பியையும் அல்ல.

ஒரு மணி நேரம் நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது: ஒழுங்காக நடந்தால் இரண்டாவது கணக்கு, மேலே எதுவும் கூட்டாமல். ஒழுங்கில்லாவிட்டால் முதல் கணக்கு, கடிகாரம் காட்டுவதில் பாதி. 380-இல் பாதி 190. காகிதத்தில் வந்த 205-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். பிறகு நான்கு வாரம் வாராந்திரச் சராசரி எடையைக் குறித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி; 500 பற்றாக்குறை உண்மையானால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பொய் சொல்வது நோட்டுதான், உடல் அல்ல.

தம்பி இப்போது முதல் கணக்குக்கு மாறிவிட்டார், பாதி என்பதையும் ஒப்புக்கொண்டார். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம்: தால் பூரி ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். அதனால் ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிடுகிறோம். என் 1,780-இல் அதற்கும் இடம் வைத்திருக்கிறேன். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைகிறது.