அமெரிக்க அரசின் சுத்திகரிப்பு ஆலைத் திறன் அறிக்கை: செம்பனை ஆலைக் கிராணி ஒருவரின் மதிப்பீடு

கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் திறன் குறித்து அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஆண்டுதோறும் திரட்டி வெளியிடும் அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம்தானே என்று விட்டுவிடாமல், காசு கொடுத்து வாங்கும் பொருளை மதிப்பிடும் அதே கண்டிப்புடன் அதை இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வரையறைகளில் இதற்கு நிகரான அரசாங்கப் புள்ளிவிவரச் சேவையை நான் கண்டதில்லை, காலத்தோடு ஓடுவதில் மட்டும் அது பின்தங்குகிறது.

நான் சிலியாவ் பட்டணத்தை அடுத்துள்ள ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். எவ்வளவு பழக்குலை வந்தது, எவ்வளவு எண்ணெய் பிழிந்தோம், தொட்டியில் எவ்வளவு இருப்பு என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு மாதந்தோறும் கணக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஆகவே அரசாங்கப் படிவத்தை நிரப்புகிறவன் எங்கே தடுமாறுவான், எந்தக் கட்டத்தில் தனக்குச் சாதகமான எண்ணை எழுதத் துணிவான் என்பது எனக்கு ஓரளவு தெரியும். பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன், "மாமா, அமெரிக்காவில் எந்த ஆலை எவ்வளவு காய்ச்சலாம் என்று பெயர் போட்டே வெளியிட்டிருக்கிறார்கள், பாருங்கள்" என்று காட்டியபோது, எனக்கு முதலில் எழுந்த கேள்வி எண்களைப் பற்றியதன்று. நிறுவனங்கள் உண்மையைத்தான் எழுதுகின்றன என்பதற்கு என்ன பிடிமானம் என்பதே கேள்வி.

பிடிமானம் சட்டத்தில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில், நாட்டில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதற்கே கம்பெனிகளின் வாயைப் பார்க்க வேண்டிய நிலையில் அமெரிக்க அரசு இருந்தது. அதன் பின் 1974இல் வந்த சட்டம் கணக்குக் கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1977இல் எரிசக்தித் துறையை உருவாக்கிய சட்டம் இந்தத் தகவல் நிர்வாகத்தையும் அமைத்து, தான் திரட்டியதை வெளியிடுவதற்கு வேறு எந்த அதிகாரியின் ஒப்புதலையும் அது பெற வேண்டியதில்லை என்று எழுதி வைத்தது. 820 என்ற எண்ணுள்ள படிவத்தை ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும், ஓடினாலும் சும்மா நின்றாலும், ஜனவரி முதல் தேதி நிலவரப்படி நிரப்பியே ஆக வேண்டும். தவறினால் தண்டம் உண்டு.

இனி இந்தச் சேவையின் உயிர்நாடியான வரையறைகளுக்கு வருவோம். திறன் என்று ஒரே எண்ணை அவர்கள் கேட்பதில்லை. மிகச் சாதகமான கச்சா எண்ணெயை ஊற்றி, பழுது பார்க்க ஒரு மணி நேரம்கூட நிறுத்தாமல் முழு வேகத்தில் ஓட்டினால் 24 மணி நேரத்தில் எவ்வளவு காய்ச்சி வடிக்கலாம் என்பது ஒரு கணக்கு. இதை ஓட்ட நாள் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு நிறுத்தம், எதிர்பாராத பழுது, வரும் கச்சாவின் தரம், சுற்றுச்சூழல் கட்டுப்பாடு ஆகிய எல்லாவற்றையும் கழித்த பின், வழக்கமான நிலையில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது நாட்காட்டி நாள் கணக்கு. நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகையில் முன்னது பின்னதைவிட ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுதலாக நிற்கும். எங்கள் ஆலையின் முகப்பில் மணிக்கு இத்தனை டன் என்று எழுதியிருப்பதற்கும், பாய்லரில் ஒரு குழாய் கசிந்து லாரிகள் எடைமேடையிலிருந்து சாலை வரை வரிசை பிடித்து நிற்கும் நாளில் நாங்கள் அரைப்பதற்கும் உள்ள தூரம் அது. இரண்டையும் தனித்தனிக் கட்டமாகக் கேட்பதால், ஆலைக்காரர் பெருமைக்கு ஓர் எண்ணும் உண்மைக்கு ஓர் எண்ணும் தர இடம் கிடைக்கிறது. வாசிக்கிறவருக்கு எது எது என்பதும் தெரிந்துவிடுகிறது.

நிற்கும் ஆலைக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலும் துல்லியமானது. இப்போது ஓடவில்லை, பழுதுபார்ப்பும் நடக்கவில்லை, ஆனாலும் 30 நாளுக்குள் ஓட்டிவிடலாம் என்றால் அது செயல்படக்கூடிய திறனில்தான் சேரும். பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்து 90 நாளுக்குள் முடியும் என்றாலும் அப்படியே. சும்மா நிற்கும் திறனைத் தனி வரியில் காட்டிவிடுவதால், மொத்தத் திறனைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வரியைப் பார்க்காமல் மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம், அதற்கு 2020ஆம் ஆண்டு நல்ல சாட்சி. அந்த ஜனவரியில் மொத்தத் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 மில்லியன் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டது. பிலடெல்பியாவில் 2019 ஜூன் மாதம் தீப்பற்றி வெடித்து, சில நாள்களிலேயே மூடப்படும் என்று அறிவிக்கப்பட்ட 3,35,000 பீப்பாய்த் திறனுள்ள ஆலையும் அந்த உச்சத்துக்குள் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில்தான் அது மூடப்பட்ட ஆலைகளின் பட்டியலுக்குப் போனது. லூசியானாவின் கான்வென்ட், கலிபோர்னியாவின் மார்ட்டினஸ் ஆலைகளும் அதே ஆண்டில் கழிந்ததால், 2021 ஜனவரியில் மொத்தம் 18.1 மில்லியனாக இறங்கியது. நோய்த்தொற்றுக் காலத்தில் ஒரே வருடத்தில் இவ்வளவு திறன் மாயமாகிவிட்டதாக எழுதியவர்கள், அதில் ஒரு பெரும் துண்டு அதற்கு முன்பே எரிந்துபோனது என்பதைக் கவனித்திருக்கலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் நிலவரத்தை எடுத்து, அதையும் வழக்கமாக ஜூன் மாத வாக்கில் வெளியிடும் முறையின் விலை இது. வாரந்தோறும் புதன்கிழமை அதே நிர்வாகம் வெளியிடும் பெட்ரோலிய நிலவரத்தில் ஆலைகளின் பயன்பாட்டு விழுக்காடு வருகிறது என்றாலும், அதில் ஆலைவாரிப் பெயர்கள் கிடையா.

பயன்படுத்துவதில் உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். ஆலைவாரி விவரங்கள் அடங்கிய எக்செல் கோப்பைத் திறந்தவுடன், ஓர் ஆலைக்கு ஒரு வரி என்று எதிர்பார்க்கிறவர் திகைத்துப்போவார். நிறுவனத்தின் பெயர், மாநிலம், ஊர், மாவட்ட எண் (பல மாநிலங்களைச் சேர்த்த பெட்ரோலிய வட்டாரத்தின் எண்), பொருள், வகை, அளவு என்று நெடுக்குவரிசைகள் ஓட, ஒரே ஆலை வரிக்கு வரி மீண்டும் மீண்டும் வரும். முதல் காய்ச்சி வடிப்பு ஒரு வரி, வெற்றிட வடிப்பு ஒரு வரி, வினையூக்கிப் பிளப்பு, நிலக்கரிபோல் கோக் எடுக்கும் பகுதி, கந்தகம் நீக்கும் பகுதி என்று ஒவ்வொன்றும் தனி வரி. வடிகட்டி போட்டுப் பார்க்கத் தெரியாதவர் அளவுப் பத்தியை அப்படியே கூட்டினால், கிடைக்கும் தொகைக்கு எந்தப் பொருளும் இராது. மாவட்ட எண்கள் ஐந்தும் இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டிலிருந்து வந்தவை; டெக்சஸ், லூசியானா அடங்கிய மூன்றாம் மாவட்டத்தில்தான் நாட்டுத் திறனில் பாதிக்கு மேல் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் வாசிப்பது எளிதாகும்.

பழகிவிட்டாலோ, அந்தக் கோப்பு அள்ளிக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு 6,00,000 பீப்பாய்க்கு மேல் காய்ச்சும் போர்ட் ஆர்தர் ஆலையும், நெவாடா பாலைவனத்தில் 2,000 பீப்பாயோடு ஒண்டிக் கிடக்கும் சிற்றாலையும் ஒரே பட்டியலில் ஒரே படிவத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. 1990 முதல் நிரந்தரமாக மூடப்பட்ட ஆலைகளுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. கை மாறிய ஆலைகளுக்கும் ஒன்று உண்டு. 1982இல் 301ஆக இருந்த ஆலைகளின் எண்ணிக்கை 2024இல் 132ஆகக் குறைந்தும், திறன் 18.4 மில்லியன் பீப்பாயாக நிற்பதன் காரணத்தை, சிறியவை உதிர்ந்து பெரியவை பெருத்த வரலாற்றை, வேறு யாரும் விளக்காமலேயே இந்த அட்டவணைகளிலிருந்து படித்துக்கொள்ளலாம். ஆலைகள் தாமே எரிக்கும் எரிபொருளின் அளவு மட்டும் மாவட்ட அளவில்தான் தரப்படுகிறது.

நம் பக்கத்தோடு ஒப்பிடாமல் முடிக்க மனம் வரவில்லை. சிலியாவிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில் எண்ணெய் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய நமக்கு, சுத்திகரிப்பு ஆலை என்பது தொலைதூரச் செய்தியன்று. 1963இல் ஷெல் தொடங்கி இப்போது ஹெங்யுவான் வசமிருக்கும் ஆலை 1,56,000 பீப்பாய், எஸ்ஸோவிடமிருந்து 2012இல் பெட்ரோனுக்குப் போனது 88,000 பீப்பாய், ஜொகூர் பெங்கெராங் ஆலை 3,00,000 பீப்பாய் என்ற விவரங்கள் நம் எரிசக்தி ஆணையத்தின் தேசிய எரிசக்திச் சமநிலை வெளியீட்டு வழியில் கிடைக்கின்றன. அதைத் திரட்டித் தருகிறவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இருப்பினும் ஆலைக்கு ஓர் எண் என்ற அளவோடு நிற்கும் அட்டவணையில், அது ஓட்ட நாள் கணக்கா, நாட்காட்டி நாள் கணக்கா, நிற்கும் பகுதி எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இடமில்லை. செம்பனை எண்ணெயில் நாம் இவ்வளவு பின்தங்கவில்லை: ஆலை, சுத்திகரிப்பு நிலையம் என எல்லாரும் வாரியத்தின் உரிமம் பெற்று மாதக் கணக்குக் கொடுப்பதால், அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கிலேயே இருப்பும் உற்பத்தியும் வெளியாகிவிடுகின்றன. பழக்குலைக்கு முடிந்தது பெட்ரோலியத்துக்கும் முடியும் என்றே நினைக்கிறேன்.

நெடுங்கால வரைபடம் போட விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1990களின் நடுப்பகுதியில் இந்தக் கணக்கெடுப்பை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்திப் பார்த்தார்கள். அதனால் 1996, 1998 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் பல பகுதிகளின் திறன் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். பூஜ்யம் என்று நிரப்பிவிடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களை இணைத்துக் கோடு இழுக்கவும் வேண்டாம். அந்த இரண்டு இடங்களையும் வெறுமையாகவே விட்டு, கணக்கெடுப்பு நடக்கவில்லை என்று அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.