ஆடி மாசத்தில் ஒரு காது டெஸ்ட்

காது ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்கப் போனவனை, "பாட்டு முடியட்டும் சார்" என்று உட்காரவைத்த ஊர் கும்பகோணமாகத்தான் இருக்கும்.

எட்டு மாதமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பகலில் தெரியாது, படுத்தால் ஆரம்பித்துவிடும். பர்மிங்ஹாமில் காது டாக்டரைப் பார்க்கக் கடிதம் போனது, பதில் கடிதம் வந்தது, வரிசையில் இருக்கிறேன் என்று அதில் இருந்தது. சரி, ஆடிக்கு ஊருக்குப் போகிறோமே, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வந்த வாரமே அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிவிட்டாள். அதற்குத் தப்பித்து ஓடி டோக்கன் போட்டேன். 37. டோக்கன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார், அழுக்கு இல்லை என்றார், ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார், ஆடியோகிராம் எடுத்துவரச் சொன்னார். இரண்டே நிமிடம். ஆனால் அன்றைக்கே பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் மாடியில். பீரோ அளவுக்கு ஓர் அறை, சுவரெல்லாம் ஓட்டை போட்ட பலகை. ஹெட்போனில் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கட்டைச் சத்தமான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சுச் சத்தமான 8000 வரை. பத்துத் தடவை அமுக்கியிருப்பேன், டெஸ்ட் எடுக்கும் பெண் கதவைத் திறந்தார். "சார், நீங்க பாட்டுக்கு அமுக்குறீங்க."

நிஜமாகவே பாட்டுக்குத்தான். எதிர்த்தெரு மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். உடுக்கை அடி பலகையைத் தாண்டி உள்ளே வர, என் கட்டைவிரல் தாளம் போட்டிருக்கிறது. கூழ் ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பர்மிங்ஹாமில் ஞாயிறு காலை புல் வெட்டும் மெஷினை ஓட்டினாலே பக்கத்து வீட்டார் முறைப்பார்கள். இங்கே இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. எங்கள் அம்மனுக்கு நாலரைக்கே விடிந்துவிடுகிறது. ஆனால் கத்த எனக்கு யோக்கியதை கிடையாது. காலேஜ் லீவெல்லாம் மைக் செட் அண்ணனோடு சுற்றி, தென்னை மரம் ஏறி இதே குழாயைக் கட்டி, அதன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து 'டெஸ்டிங்' பார்த்தவன் நான்.

கூழ் ஊற்றினார்கள், டெஸ்ட் முடிந்தது. பேப்பரில் கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறியிருந்தது. சத்தத்தில் அடிபட்ட காது பெரும்பாலும் இப்படித்தான் காட்டுமாம். உள்காதில் மயிரிழை மாதிரி செல்கள் இருக்கின்றன, போனால் திரும்ப முளைக்காது. வராத சத்தத்தைத் தேடி மூளை வால்யூமைத் திருகிவைக்கிறது என்றார் டெஸ்ட் எடுத்த பெண். சிக்னல் இல்லாத ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் வரும் 'உஸ்ஸ்' எனக்கா தெரியாது! ஒரு காதில் மட்டும் கேட்கிறதா, நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். அப்படியிருந்தால் டாக்டர் ஸ்கேன் வரை பார்ப்பாராம். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டுமாம். இதை நிறுத்துவதற்கென்று நிரூபணமான மாத்திரை இல்லை என்பதை, டாக்டர் சீட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அமைதியான ரூம்ல படுக்காதீங்க சார். ஃபேன் ஓடட்டும். காதுச் சத்தத்தை மூழ்கடிக்க வேணாம், அதைவிட ஒரு படி கம்மியா இருந்தா போதும்."

அப்போதுதான் உறைத்தது. வந்ததிலிருந்து சில்வண்டு கேட்கவே இல்லை, ஒரு ராத்திரி கரண்ட் போனபோது தவிர. அங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஃபேனே கிடையாது, ஊசி விழுந்தால் கேட்கும். இங்கே அப்பா வாங்கி மாட்டிய ஃபேன், நாலாம் நம்பரில் வைத்தால் 'கிறீச்… டொக்' என்று ஆடிக்கொண்டே ஓடும். எண்ணெய் விடுங்கள் என்று வருஷா வருஷம் நான்தான் நச்சரிப்பேன்.

கிளம்பும் நாள் விடியற்காலையில் போனைக் கட்டிலில் வைத்து நாற்பது நிமிடம் அதைப் பதிவு செய்துகொண்டேன். பர்மிங்ஹாமில் இப்போது தினமும் அதுதான் ஓடுகிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு நாய் குரைக்கும். மனைவிக்கு அது மனப்பாடம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அம்மா வாசல் தெளிக்க எழுந்துபோகும் தாழ்ப்பாள் சத்தம். அதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன்.