ஸ்டோரேஜ் கட்டளை வரி: எஸ்எஸ்ஹெச்சா, சீரியல் கன்சோலா?

ஸ்டோரேஜ் பெட்டியை (பல டிஸ்க்குகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிர்வகிக்க இரண்டு வழிகள்: நெட்வொர்க் வழியாக நுழையும் எஸ்எஸ்ஹெச் (SSH), பெட்டியில் நேரடியாகக் கேபிள் செருகும் சீரியல் கன்சோல். அன்றாட வேலைக்கு எஸ்எஸ்ஹெச்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வழக்கமாக 22-ஆம் போர்ட் (நெட்வொர்க் இணைப்பின் வாசல் எண்). இருந்த இடத்திலிருந்தே நுழையலாம், பரிமாற்றம் முழுவதும் குறியாக்கம் ஆகிவிடும். பப்ளிக் கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) வைத்துவிட்டால் வால்யூம் (சேமிப்பிடப் பகுதி) உருவாக்குவது, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் பதிவு) எடுப்பது, டிஸ்க் நிலை பார்ப்பது எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டில் போட்டு இரவில் ஓடவிடலாம்.

சீரியல் கன்சோல் என்றால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரேக் (சாதனங்களை அடுக்கும் சட்டம்) முன்னால் உட்கார வேண்டும். வேகமும் ஆமைதான்: 9600 பாட் (சீரியல் இணைப்பின் வேக அளவு) என்றால் வினாடிக்குச் சுமார் 960 எழுத்துகள். பெட்டி எதிர்பார்ப்பது 115200 ஆக இருந்து நீங்கள் 9600 வைத்தால் திரையில் வெறும் கிறுக்கல்.

ஆனாலும் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். ஐபி முகவரியே இல்லாத முதல் நாளிலும், நெட்வொர்க் அமைப்பை நாமே கெடுத்துக்கொண்ட நாளிலும் கைகொடுப்பது அதுதான். (இரண்டாவது வகை நாள் எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும்.) கன்ட்ரோலர் (பெட்டியை இயக்கும் கணினிப் பகுதி) பூட் ஆகும்போது வரும் பிழைச் செய்திகளும் அங்கேதான் தெரியும், எஸ்எஸ்ஹெச் சேவை எழுவதற்குள் அவை ஓடிப்போயிருக்கும்.

ஒன்று மட்டும்: கேபிளைப் பிடுங்கினால் செஷன் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். லாக்அவுட் செய்யாமல் போனால், அடுத்து செருகுபவர் உங்கள் அட்மின் உரிமையோடே உள்ளே நிற்கக்கூடும்.