‘யாழ்’ என்று துணியில் எழுத எந்தத் தாள்?

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்டில் ட, ப எழுத யாரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை, எல்லாம் நேர்கோடு. ‘யாழ்’ என்று எழுத வெளிக்கிட்டால்தான் தலை சுற்றும்: அரவின் வளைவு, ழவின் சுழி, தலையில் ஒரு குற்று.

பலரும் முதலில் நாடுவது தாளோடு சேர்த்துத் தைக்கும் முறை. எழுத்தைத் தாளில் வரைந்து, அடியில் துணியை வைத்து, கோட்டின்மேல் மெஷின் ஓட்டி, பிறகு தாளைக் கிழித்து எடுப்பது. தையல் நீளத்தை 1.5 மில்லிமீற்றருக்குக் குறைத்தால் தாள் சுகமாகக் கிழியும். ட, பவுக்கு இதை அடிக்க வேறொன்றில்லை. வளைவுக்கு வந்தால், அதைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைக்க வேண்டும். முடிவில் ழ, டிஜிற்றல் மணிக்கூட்டின் இலக்கம் மாதிரி முழிக்கும். சுவரில் தூக்கும் பெரிய எழுத்தென்றால் தூரத்திலிருந்து அது தெரியாது, சரி. ஆறங்குல எழுத்துக்கு வேண்டாம்.

என் தெரிவு ஃப்ரீசர் பேப்பர். ஒரு பக்கம் பிளாஸ்ரிக் பூச்சுள்ள தாள். துணியில் வைத்து மினுக்கினால் ஒட்டும், உரித்தால் கறையில்லாமல் வரும், மறுபடியும் ஒட்டலாம். கிடைக்காவிட்டால் போட்டோக்கொப்பிக் கடையில் A4 தாள்கட்டின் மேலுறையைக் கேளுங்கள். உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும் சில உறைகள் இதே வேலையைச் செய்யும். முதலில் வெட்டுத்துண்டில் ஒட்டிப் பாருங்கள். கேக் தட்டுக்குப் போடும் பேக்கிங் பேப்பர் சரிவராது, அது ஒட்டாமல் இருப்பதற்கென்றே செய்தது.

துணியின் பின்பக்கத்தில் ஒட்டுவதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். எழுத்தின் கோடு வழியே தாளைத் துண்டாக்க முன்னரே, வளைவுக்குக் குறுக்கே பென்சிலால் அடையாளக் கோடுகள் போட்டுவிடுங்கள். ஒட்டிய தாளைச் சுற்றிக் கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டவும். உட்குழிந்த ஓரத்தில், தையல் கோட்டைத் தொடாமல் சின்ன வெட்டுகள் கொடுங்கள். அந்தத் துண்டு மேலே, புடைத்த துண்டு கீழே. அடையாளங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தி, கைச்சக்கரத்தைச் சுற்றுவதுபோல் மெல்லத் தையுங்கள். பழைய நூற்சேலைத் துணியென்றால் வெட்டமுன் கஞ்சி போடுவது நல்லது. வளைவாக வெட்டிய ஓரம் இழுபடும். நைலக்ஸ் சேலையை எடுக்கவே வேண்டாம், மினுக்கியின் சூட்டுக்குச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, துணியைத் தாள்மேல் மடித்து இழையோட்டி, துண்டுகளைக் கையாலேயே இணைப்பது. மெஷின் இல்லாதவர்களுக்கு உதவும், நேர்த்தியாகவும் வரும். ஆனால் ஒரு சொல்லுக்கே பொறுமை போய்விடும்.

ழவின் சுழிக்குள் அடைபடும் சின்ன இடத்தை எந்த முறையிலும் இணைக்கப் பாடுபடாதீர்கள். பின்னணித் துணியில் ஒரு துண்டை மேலே வைத்துத் தைத்தால் போதும். புள்ளியும் அப்படித்தான்: ஐந்து ரூபாக் குற்றியை மட்டையில் வைத்துக் கீறி வெட்டி, அதைவிடப் பெரிய துணி வட்டத்தின் ஓரத்தில் நூலோடி, மட்டையைச் சுற்றி இறுக்கி மினுக்குங்கள். மட்டையை உருவிவிட்டு, ழவின் தலையில் கையால் தையுங்கள்.