லேசிக்கா, பி.ஆர்.கே.யா: கருவிழிக்கு எது பாதுகாப்பு?

கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எது சீக்கிரம் ஆறும் என்பதைத்தான். அதற்கு, கருவிழியில் (கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவில்) ஒரு மடலைத் திறந்து அடியில் லேசர் பாய்ச்சும் லேசிக் என்பதே பதில். பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளிந்துவிடும். இன்னொரு லேசர் முறையான பி.ஆர்.கே.யில், மடல் வெட்டாமல் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிடுவதால், அது மீண்டும் வளர நான்கைந்து நாள் பிடிக்கும். முதல் இரண்டு நாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். திரைச்சீலை இடுக்கில் நுழையும் வெளிச்சம்கூடக் குத்தும்.

பின்னாளில் வரும் சிக்கல்களைப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. கருவிழியின் தடிமனே சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர்தான். லேசிக்கில் அதில் 100 முதல் 120 மைக்ரான் வரை மடலாக வெட்டித் திறக்கிறார்கள். அந்த மடல் பழைய வலுவோடு ஒட்டுவதேயில்லை. பல ஆண்டுகள் கழித்து விரல் பட்டு மடல் விலகியவர்கள் உண்டு. மடலுக்கு அடியில் அழற்சி வரலாம். மேல்தோல் செல்கள் உள்ளே புகுந்து வளரலாம். எல்லாவற்றிலும் கொடியது, மெலிந்துபோன கருவிழி கூம்பாகப் பிதுங்குவது. பி.ஆர்.கே.யிலும் அது நேரலாம், ஆனால் இன்னும் அரிது.

பி.ஆர்.கே.யின் குறை, மங்கலான தழும்பு. பவர் அதிகம் உள்ளவர்களுக்கே அந்த அபாயம் கூடுதல். மைட்டோமைசின் மருந்து அதைப் பெரிதும் குறைத்திருக்கிறது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

கருவிழி சற்று மெல்லியதா? கபடியோ குத்துச்சண்டையோ ஆடுகிறவரா? பி.ஆர்.கே.யின் வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடத்தில் கூம்பின் சாயல் தெரிந்தால் இரண்டுமே வேண்டாம். அந்த வரைபடம் எடுக்காமலே அறுவைக்குத் தேதி குறிக்கிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள்.