மூடப்பட்ட முகப்புப் பக்கத்துக்கு மாற்று: இன்னொரு சேவையா, சொந்தக் கோப்பா?

உலாவியைத் திறந்ததும் வானிலை, செய்தித் தலைப்புகள், அன்றாடம் போகும் தளங்களின் சுட்டிகள் (லிங்க்), நேற்று எழுதி வைத்த குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே திரையில் வந்து நிற்கும் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியது கூகுளின் ஐகூகுள் என்னும் முகப்புப் பக்கச் சேவை. 2005-இல் தொடங்கிய அந்தச் சேவை 2013 நவம்பர் 1-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. 2012 ஜூலையிலேயே அறிவிப்பு வெளியாகிவிட்டதால், மாற்றுத் தேட ஓராண்டுக்கும் மேலாக அவகாசம் இருந்தது. ஆயினும் நான் தோற்றத்தை மட்டும் பார்த்து, பழைய பக்கத்தைப் போலவே இருந்த ஒரு சிறிய சேவைக்கு மாறினேன். சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. அது தந்த ஏற்றுமதிக் கோப்பில் சுட்டிகள் இருந்தன. குறிப்புப் பெட்டிகளில் மூன்று ஆண்டுகளாக நான் எழுதிச் சேர்த்த படிப்புக் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. அந்த இழப்புக்குப் பிறகு செய்த தேர்வைப் பற்றியதுதான் இந்த ஒப்பீடு.

நம்முன் இருப்பவை இரண்டு வழிகள்: இன்னொரு இணையச் சேவையில் கணக்குத் தொடங்குவது, அல்லது நாமே ஒரு பக்கத்தை எழுதி நம் கணினியில் வைத்துக்கொள்வது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஓராண்டுக்கும் மேலாக அதையே பயன்படுத்தி வருகிறேன்.

சேவைகளில் ஐஜிஹோம் பழைய ஐகூகுளின் அமைப்பை அப்படியே நினைவூட்டுவது. புதிதாக எதையும் பழகிக்கொள்ள விரும்பாதவர்களுக்கு அது போதும். சிம்பலூ சுட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தருகிறது. பார்வைக்கு எளிது, ஆனால் செய்திகளைப் படிக்க விரும்புபவருக்கு அவ்வளவாக உதவாது. புரோட்டோபேஜ், ஸ்டார்ட்.மீ ஆகிய இரண்டும் சுட்டி, செய்தியோடை (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தரும் ஆர்எஸ்எஸ் பட்டியல்), குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்க இடம் தருகின்றன. இவற்றுள் ஸ்டார்ட்.மீ-யின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. பெட்டிகளை இழுத்து இடம் மாற்றுவது எளிதாக இருந்தது, எந்தக் கணினியில் நுழைந்தாலும் அதே பக்கம் வந்தது. நான் பயன்படுத்தியது இலவசக் கணக்கை மட்டுமே. அதுவும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள்தான். கட்டணக் கணக்கின் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

தோற்றம், வண்ணம், வானிலைப் பெட்டி போன்றவற்றில் இச்சேவைகளுக்குள் உள்ள வேறுபாடு ஒரு வாரத்தில் பழகிப்போகும். என் தேர்வை முடிவுசெய்தது வேறொன்று: சேவை மூடப்படும் நாளில் நம் பொருளை எந்த வடிவில் வெளியே எடுக்க முடியும் என்பது. நிறுவனத்தின் அளவு இதற்கு உறுதி ஆகாது. ஐகூகுளை நடத்தியது உலகின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. 2005-இல் தொடங்கி, 2012-இல் தசோ சிஸ்டம்ஸ் என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போன நெட்வைப்ஸின் முகப்புப் பக்கச் சேவையும் 2025-இல் முடிவுக்கு வந்தது.

ஆகவே எந்தச் சேவையில் சேர்ந்தாலும், முதல் நாளே நான்கைந்து சுட்டிகளையும் ஒரு குறிப்பையும் மட்டும் இட்டு, உடனே ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை நோட்பேட் போன்ற சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து பார்க்க வேண்டும். சுட்டிகளுக்கு எச்டிஎம்எல் கோப்பு வருகிறதா என்று பாருங்கள். நெட்ஸ்கேப் என்னும் பழைய உலாவியின் காலத்திலிருந்து வழங்கிவரும் அந்தப் புத்தகக்குறி வடிவத்தை இன்றைய முதன்மை உலாவிகள் அனைத்தும் ஏற்கின்றன. செய்தியோடைகளுக்கு ஓபிஎம்எல் கோப்பு வர வேண்டும். அதனுள் ஓடைக்கு ஒரு வரியாகத் தளத்தின் பெயரும் ஓடையின் முகவரியும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். 2013 ஜூலை 1-இல் கூகுள் ரீடர் என்னும் ஓடை வாசிப்பான் மூடப்பட்டபோது அதன் வாசகர்கள் வேறு வாசிப்பான்களுக்குத் தம் பட்டியலை எடுத்துச் செல்ல உதவியவற்றுள் இந்த வடிவமும் ஒன்று. நீங்கள் எழுதிய குறிப்பு எந்தக் கோப்பிலும் இல்லையென்றால், அந்தப் பெட்டியில் இனி எதையும் எழுதாதீர்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அன்று நான் இதைச் செய்திருந்தால் மூன்றாண்டு எழுத்து தப்பியிருக்கும்.

சொந்தக் கோப்பில் இந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனெனில் பக்கமும் ஏற்றுமதிக் கோப்பும் ஒன்றுதான். உலாவியின் புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்து, கிடைத்த எச்டிஎம்எல் கோப்பையே அடிப்படையாகக் கொண்டேன். தேவையற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றை மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினேன். ஒரு மாலைப்பொழுது பிடித்தது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்தக் கோப்பின் முகவரியைத் தொடக்கப் பக்கமாகக் கொடுத்துவிட்டால், இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் அது நொடியில் திறக்கிறது. புதிய தத்தலில் (டேப்) மட்டும் அது தானாக வராது. அதற்கு உலாவியில் சேர்க்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) தேவைப்படும். புதிய தளம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள வரியை நகலெடுத்து, அடுத்த வரியில் ஒட்டி, முகவரியையும் பெயரையும் மாற்றினால் போதும்.

இதன் பெரிய குறை செய்தியோடைகள். பிற தளங்களின் உள்ளடக்கத்தை நம் பக்கத்திலுள்ள நிரல் தன் விருப்பப்படி எடுத்துப் படிப்பதை உலாவிகள் பாதுகாப்புக் கருதித் தடுக்கின்றன. அதனால், இடையில் ஒரு வழங்கி (சர்வர்) நின்று எடுத்துத் தந்தாலன்றி, பெரும்பாலான ஓடைகளை அந்தக் கோப்புக்குள் காட்ட முடியாது. முதலில் இது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பின்னர் ஓடைகளை ஃபீட்லி என்னும் இணைய வாசிப்பானில் வைத்துவிட்டு, என் பக்கத்தின் முதல் வரியில் அதற்கொரு சுட்டி கொடுத்தேன். எல்லாம் ஒரே திரையில் என்னும் பழைய வசதி இதனால் போய்விட்டது. அந்த இழப்பை நான் இன்னும் உணர்கிறேன். ஆனால் ஃபீட்லி ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்ய விடுவதால், மாதம் ஒரு முறை அக்கோப்பை எடுத்து முகப்புக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வைக்கிறேன். குறிப்புகளையும் அங்கேயே ஓர் உரைக்கோப்பில் எழுதுகிறேன். அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டால் காப்பு வேலை முடிந்தது.

முகப்புப் பக்கம் அமைக்க உதவும் ஹோமர், டாஷி போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்வது, இணையச் சேவை, சொந்தக் கோப்பு ஆகிய இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அவற்றை நான் இரண்டு வாரம் மட்டுமே இயக்கிப் பார்த்தேன். பக்கம் அழகாக இருந்தது. ஆனால் வழங்கியைப் புதுப்பித்துக் காக்கும் வேலை, சுட்டிப் பட்டியல் ஒன்றுக்காகச் செய்யத்தக்க அளவைத் தாண்டியதாக எனக்குப் பட்டது. வீட்டில் ஏற்கெனவே வழங்கி நடத்துபவருக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

கைப்பேசியில்தான் என் வழி தடுமாறுகிறது. கணினியில் திருத்திய கோப்பு தானாகக் கைப்பேசிக்கு வந்து சேராது. அங்கே நான் இன்றும் உலாவியின் புத்தகக்குறிகளைக் கொண்டே காலம் தள்ளுகிறேன். நாளின் பெரும்பகுதி கைப்பேசியில் படிப்பவர்களும், இரண்டு மூன்று கணினிகளில் மாறி மாறி வேலை செய்பவர்களும் ஸ்டார்ட்.மீ போன்ற சேவையையே எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் மேற்சொன்ன பத்து நிமிடச் சோதனையை முதல் நாளே செய்துவிட்டு, மாதந்தோறும் ஏற்றுமதிக் கோப்பைத் தம் கணினியில் சேமித்து வர வேண்டும்.